குதிரைக்கு ஒரு வாகனம்

1

இன்னும் இருபத்தாறு மணி நேரத்தில், நாளை சனிக்கிழமை காலையில், என் அத்தான், அக்காவின் கணவர், ஒரு காருக்குக் கையெழுத்துப் போடுவார். அந்தக் கார் ஒரு குதிரையை இழுக்க வேண்டும். காருக்குள் என் அக்கா மகள் கலா இருப்பாள். அத்தான் எதையோ மறைக்கிறார் என்று எனக்குச் சந்தேகம். அவரைக் கேட்க வாய் வரவில்லை. அதனால் கதை எழுதுகிறேன்.

இந்தக் கதை பிறந்தது இப்படித்தான். கௌரவமான பிறப்பு அல்ல.

(எழுதும் இடம்: சிட்னியில் ஒரு பால் பரிசோதனைக் கூடம். ஆண்டு எழுபத்தாறு. மாதிரிகள் சுடுநீரில் நிற்கும் நேரங்களில் எழுதுகிறேன். வாக்கியங்கள் குட்டையாக இருப்பதற்கு வேறு இலக்கியக் காரணம் இல்லை.)

2

முதல் தொடக்கம்: "குவேக்கர்ஸ் ஹில்லில் ஒரு தமிழ்க் குடும்பம் குதிரை வாங்கியபோது—"

பிழை. வாங்கவில்லை. பக்கத்துக் காணிக்காரர் குவீன்ஸ்லாந்துக்குப் போகும்போது தன் போனியைக் கலாவிடம் விட்டுவிட்டுப் போனார். போனி என்றால் குள்ளக் குதிரை. குள்ளம் உயரத்தில்தான், எடையில் அல்ல.

இரண்டாம் தொடக்கம்: "கோயிலில் குதிரையே வாகனம். இங்கே அந்த வாகனத்துக்கும் ஒரு வாகனம் வேண்டியிருக்கிறது—"

கெட்டித்தனமாக இருக்கிறது. கெட்டித்தனமான தொடக்கங்களை நான் நம்புவதில்லை. ஆனால் விஷயம் அதுதான். அடுத்த ஞாயிறு டாப்டோ என்ற ஊரில் கலாவுக்குக் குதிரையேற்றப் போட்டி. போனியைப் பெட்டியில் ஏற்றி, காரின் பின்னால் கொளுவி இழுத்துக்கொண்டு போகவேண்டும். அந்தப் பெட்டியை இங்கே ஃப்ளோட் என்பார்கள். அக்கா அந்தச் சொல்லுக்கு மிதவை என்றுதான் படித்தவள்.

"குதிரைக்குத் தெப்பத் திருவிழாவோ?" என்று கேட்டாள். "குளம் எங்கையடி?"

"ஐயோ அம்மா, ட்ரெய்லர்! ட்ரெய்லர்!" கலா நிலத்தில் உருண்டு சிரித்தாள்.

(இந்தப் பகிடியை வெட்ட நினைத்தேன். விட்டுவைத்திருக்கிறேன். அன்று அத்தான் சிரிக்கவில்லை என்பதைச் சொல்ல இது ஒன்றுதான் வழி.)

3

இந்தப் பகுதி கட்டுரை. விரும்பாதவர்கள் தாண்டிப் போகலாம். ஆனால் ஆபத்து எங்கே இருக்கிறது என்பது இதில்தான் உண்டு.

டாப்டோவுக்குப் போகும் வழியில் புல்லாய் கணவாய். மலை உச்சியிலிருந்து கடற்கரை வரை ஒரே இறக்கம், ஒரே வளைவு. பெட்டியும் போனியும் சேர்ந்தால் எங்கள் சின்ன ஜப்பான் காரைவிடக் கனம். இழுபடுவது இழுப்பதைவிடக் கனமானால், இறக்கத்தில் எது எதை ஓட்டும்? போதாததற்குக் குதிரை உயிருள்ள பாரம். அரிசி மூட்டை வளைவில் கால் மாற்றி நிற்காது. குதிரை நிற்கும்.

ஆகவே நீளமான, கனமான கார் வேண்டும். பெட்டிக்குத் தனி பிரேக் வேண்டும். பெட்டியின் மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு, காரின் பின்னால் அதை மாட்டும் கொளுவியின் மேல் அழுத்த வேண்டும். குறைந்தால் பெட்டி இரண்டு பக்கமும் அலையும். இதையெல்லாம் நான் அத்தானிடம் சொன்னேன். பெரிய ஸ்டேஷன் வாகன் ஒன்றுதான் சரி என்றேன்.

"நீ சொன்னாச் சரி, பிள்ளை."

அங்கேதான் எனக்குச் சந்தேகம் தொடங்கியது. நித்தியானந்தன் என்ற இந்த மனிதர் ஒரு பூசணிக்காய்க்கே கடைக்காரனோடு அரை மணி நேரம் வாதாடுவார். எஞ்சினைப் பற்றிக் கேட்கவில்லை. எவ்வளவு பெட்ரோல் குடிக்கும் என்று கேட்கவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்.

"வலப்பக்கக் கண்ணாடியை இன்னும் வெளியால நீட்டிப் போடலாமோ?"

4

"அத்தானுக்கு வேறொரு பெண்ணோடு—"

அடித்துவிட்டேன். மலிவான சந்தேகம். மேலும், அவர் ஐந்தரைக்கு வீட்டில் நிற்பார்.

அடுத்து விற்பனையாளரைச் சந்தேகித்தேன். பெயர் கென். "உண்மையைச் சொன்னால்" என்று தொடங்காத வாக்கியம் அவரிடம் இல்லை. போன சனிக்கிழமை அவர் அக்காவிடம் இருக்கைத் துணியைக் காட்டிக்கொண்டிருந்தபோது, நான் காரின் பின்னால் குந்தி, பாரம் தாங்கும் வில்லுகளைப் பார்த்தேன். தொய்வு இல்லை. கொளுவிச் சட்டத்தை ஆட்டிப் பார்த்தேன். அசையவில்லை. பிரேக் சரி. கார் குற்றமற்றது. உங்களிடம் ஒளிக்க மாட்டேன்: எனக்கு ஏமாற்றமாக இருந்தது. பழி போட இனி அத்தானைத் தவிர வேறு பாத்திரம் இல்லை.

அன்று கென் சாவியை நீட்டியபோது அத்தான் வாங்கவில்லை. "அடுத்த கிழமை" என்றார். கார் வாங்க வந்தவர் அதை ஓட்டிப் பார்க்கவில்லை.

இரண்டு மாதமாகச் சாப்பாட்டு மேசையில் கதிரை மாற்றி, சுவரோரம் இருக்கிறார். நாங்கள் எல்லோரும் அவருக்கு இடப்பக்கம். ஏன் என்று கலா கேட்டதற்கு, "காத்து வருது" என்றார். சுவரிலிருந்து காற்று வராது.

(அவரைக் கெட்டவராக எழுத முயன்றேன். முடியவில்லை. ஒரு கட்டுமானக் கம்பனியில் பொறியியலாளர். நாள் முழுவதும் கம்பனிக் காரில் ஒரு வேலைத்தலத்திலிருந்து இன்னொன்றுக்கு ஓடுவதுதான் தொழில். என்னை இந்த நாட்டுக்குக் கூப்பிட்டவர். ஒரு நாளும் அதைச் சொல்லிக்காட்டாதவர்.)

5

வெள்ளி மாலை. வீடு.

இப்போது எனக்குத் தெரியும். சற்று முன்பு முற்றத்தில் அவருக்குத் தெரியாமல் ஒரு சிறு சோதனை செய்தேன். மூன்று முறையும் ஒரே விடை. என்ன விடை என்று எழுதப்போவதில்லை. அதைச் சொல்ல வேண்டியவர் நான் அல்ல.

அக்கா சமைத்துக்கொண்டிருந்த குசினிக்குப் போனேன்.

"அக்கா, அத்தான் சுகமா இருக்கிறாரோ?"

"ஏன்? கொழுத்துப்போய் இருக்கிறார்."

"நாளைக்குக் காரை ஆர் ஓட்டிப் பார்க்கிறது?"

"அவர்தான். வேற ஆர், குதிரையோ?"

அக்காவுக்கு ஒன்றும் தெரியாது. திரும்பி வந்து முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

முடிவு அ: கையெழுத்துப் போடுகிறார். கணவாயில் இறங்குகிறார்கள். ஒன்றும் நடக்கவில்லை. கலா ஒரு பரிசு நாடாவோடு திரும்பி வருகிறாள். அதற்கு அடுத்த ஞாயிறும் போகிறார்கள். அதற்கு அடுத்ததும். எல்லாவற்றிலும் ஆபத்தான முடிவு இதுதான்.

முடிவு ஆ: கணவாயின் ஒரு வளைவில், எதிரே வந்த லொறி— மாட்டேன். பாத்திரத்துக்குக் கலா என்று பெயர் வைத்துவிட்டேன்.

முடிவு இ: கதைசொல்லி வாய் திறக்கிறாள். இதை நீங்கள் நம்பப்போவதில்லை. இறங்க வேண்டிய இடத்தில் பஸ்ஸை நிறுத்தச் சொல்லக் கூச்சப்பட்டு, அடுத்த நிறுத்தத்திலிருந்து திரும்பி நடந்து வருகிறவள் அவள்.

6

சனி. நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

கென் வாகனின் பின்னால் ஒரு வெறும் ஃப்ளோட்டைக் கொளுவி வைத்திருந்தார். சாவியைக் கொடுத்து, "ஒரு சுற்றுப் போய் வாருங்கள், மேட்" என்றார். அத்தான் இந்த முறை வாங்கினார். ஓட்டுநர் இருக்கையில் ஏறினார். யாரும் சொல்லாமலே கலா பின்னால் ஏறிக் கதவைச் சாத்தினாள். அக்கா காரின் முன்னால் நின்று கென்னோடு பேசிக்கொண்டிருந்தாள்.

நான், நேற்று முற்றத்தில் செய்ததுபோலவே, வலப்பக்கம் போய், அத்தானின் திறந்த யன்னலோடு நின்றேன். கை எட்டும் தூரம். அவர் எஞ்சினைக் கிளப்பினார். கண்ணாடியைச் சரிசெய்யத் தலையை முழுதாக என் பக்கம் திருப்பினார். திடுக்கிட்டார்.

"எட! எப்ப வந்தனீ?"

"வந்து கன நேரம், அத்தான்."

அவர் என்னைப் பார்த்தார். நான் என் காலைப் பார்த்தேன்.

"கலாவை இறக்குங்கோ" என்றேன்.

"விசர்க் கதை கதையாதை. இந்த ரோட்டில ஒரு சுத்து."

"இண்டைக்கு ஒரு சுத்து. அடுத்த ஞாயிறு கணவாய்."

"வாட்ஸ் ரோங், சித்தி?" என்றாள் கலா.

"மெல்லக் கதை" என்றார் அத்தான்.

"கென்னுக்குத் தமிழ் விளங்காது."

"உன்ரை அக்காவுக்கு விளங்குமே."

நிறம் பிடிக்கவில்லையா, வேறு நிறமும் இருக்கிறது என்று கென் குரல் கொடுத்தார்.

"என்ரை வேலை போகும், பிள்ளை."

"ஓம்."

"ஓமோ? அவ்வளவுதானோ?"

"வேற என்ன சொல்லுறதெண்டு தெரியேல்லை, அத்தான். கலா பின்னால இருக்கிறாள்."

எஞ்சின் ஓடிக்கொண்டேயிருந்தது. பிறகு அவர் அதை நிறுத்தினார். "இறங்கு, மேனே" என்று கலாவிடம் சொன்னார். அவள் முணுமுணுத்தபடி இறங்கும்வரை காத்திருந்து, தானும் இறங்கி, காரைப் பிடித்தபடியே முன்பக்கம் நடந்தார்.

இந்த இடத்தில் பேனாவை வைக்கிறேன். கார் வாங்கினோமா, வேலை என்னவாயிற்று, போனி டாப்டோவைப் பார்த்ததா, அக்கா அன்றிரவு அவரோடு பேசினாளா என்பதையெல்லாம் நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். உங்களுக்கு என்னைவிடத் துணிவு இருக்கலாம். எனக்கு அவர் சொன்ன ஒன்று போதும். அதை அவர் கென்னைப் பார்த்து இங்கிலீஷில் சொன்னார். அக்காவிடம் தமிழில் சொல்ல முடியாததை, அக்கா பக்கத்தில் நிற்க, அந்நியனிடம் சொன்னார்.

"உங்கள் காரில் ஒரு பிழையும் இல்லை. எனக்கு வலக்கண் தெரியாது."