தரையில் கால் படுமுன்

சலூன்காரருக்கு ஐந்தரைக்கே விழிப்பு வந்துவிட்டது. ஆனால் கட்டிலை விட்டு இறங்க முடியாது. இரண்டு தலையணைகளின் மேல் கால்களைத் தூக்கி வைத்துக்கொண்டு மனைவிக்காகக் காத்துக் கிடந்தார். முழங்கால் வரை ஏறும் அந்த இறுக்கமான காலுறையைத் தரையில் கால் படுமுன்பே மாட்டிவிட வேண்டும். எழுந்து நின்றால் ரத்தம் கீழே தேங்கிக் கால் வீங்கிவிடும், அப்புறம் மாட்டுவது பெரும்பாடு. குனிந்து தானே மாட்டிக்கொள்ளத் தொப்பை விடவில்லை.

இருபத்தாறு வருடம் நின்றே முடி வெட்டிய கால்கள். மேலே ஏறும் ரத்தம் திரும்ப இறங்காமல் தடுக்கும் சின்னச் சின்ன வால்வுகள் தளர்ந்துபோய்விட்டனவாம். கெண்டைக்காலில் நரம்புகள் நீலமாகப் புடைத்துச் சுருண்டிருந்தன. "ஒரே இடத்துல நிக்காதீங்க. நடுநடுவுல நாலு எட்டு நடங்க, குதிகாலத் தூக்கித் தூக்கி இறக்குங்க. முடிஞ்சா உக்காந்து வேல பாருங்க. எடையையும் கொறைங்க" என்று டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார். இவரும் பூம்பூம் மாடுபோலத் தலையாட்டினார். கடையில் ஒன்றையும் செய்யவில்லை. செய்தால் ஏன் என்று கேட்பார்கள். காலே சரியில்லாதவனிடம் யார் தலையைக் கொடுப்பார்கள் என்ற பயம்.

மனைவி பேசி நான்கு நாளாகிறது. தப்பு இவருடையதுதான். கத்தரி ஓடினால் வாயும் ஓடும். வாடிக்கையாளர்கள் ரேடியோ என்றே கூப்பிடுவார்கள். கார் ஓட்டும் தேர்வில் அவள் மூன்று முறை தோற்றதை, யாரிடமும் சொல்லாதீர்கள் என்று அவள் கெஞ்சியிருந்தும், கடையில் கைகொட்டிச் சிரிக்கும்படி சொல்லிவிட்டார். நாற்காலியில் இருந்தவர் அவள் அலுவலகத்து எழுத்தர் என்பது பேச்சுச் சுகத்தில் மறந்துபோனது. மறுநாள் அலுவலகமே அவளைப் பார்த்துச் சிரித்தது.

அவள் வந்தாள். முகத்தைப் பார்க்காமல் காலுறையைக் குதிகாலில் பொருத்தி இழுத்தாள்.

"இன்னும் எத்தன நாளைக்கும்மா இப்படி?"

"என் கதைய ஊருக்கே சொன்னீங்க" என்றாள், சுருக்கத்தை நீவிவிட்டபடி. "உங்க கால் கதைய ஒருத்தர்கிட்டயாவது சொல்லியிருக்கீங்களா?"

அவள் போன பிறகும் இவர் கட்டில் ஓரத்திலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். வெட்கமாக இருந்தது.

பத்து மணிக்குச் சவரம் செய்துகொள்ள அதே எழுத்தர் வந்தார். சலூன்காரர் உள்ளேயிருந்து உயரமான ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். காலுறை தெரியும்படி பேண்டை முழங்கால் வரை சுருட்டிவிட்டுக்கொண்டார்.

"என்ன ரேடியோ, காலுக்கு என்ன?"

"நரம்பு சுருட்டிக்கிச்சு சார். நின்னு நின்னே வந்தது. இனிமே உக்காந்துதான் வேல."

மதியத்துக்குள் இது அவள் அலுவலகத்துக்குப் போய்விடும். போகட்டும் என்று நினைத்துக்கொண்டார்.

எழுத்தர் விடவில்லை. "இவ்ளோ இறுக்கமா இருக்கே, யாரு மாட்டிவிடறா? வீட்டுலயா? என்ன சொல்றாங்க?"

நாக்கு நுனிவரை அவளைப் பற்றிய நல்ல கதையொன்று வந்து நின்றது. சலூன்காரர் அதை விழுங்கினார். கண்ணாடிக்குள், நுரைக்கு மேலே எழுத்தரின் இரண்டு கண்களும் பதிலுக்குக் காத்திருந்தன. கத்தி மட்டும் காதோரத்திலிருந்து மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது.