பதினாலு அங்குலம்

விடிந்தும் விடியாததுமாகத் தன் வீட்டு வாசற்படியைக் குப்புறப் படுத்து அளந்துகொண்டிருந்த பூவரசனை, கோலமாவுக் கிண்ணத்தோடு வெளியே வந்த எதிர்வீட்டுக் கண்ணம்மாள் பார்த்துவிட்டாள்.

"என்னாப்பா, வூட்ட விக்கப் போறயா?"

"இல்லக்கா, சும்மா."

சும்மா எவனாவது காலங்காத்தாலே டேப்பும் கையுமாகத் தரையில் புரளுவானா? கண்ணம்மாளுக்கு அன்றைக்குப் பொழுது போக அது போதும். பூவரசன் எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டான். சரியாகப் பதினாலு அங்குலம். இந்தப் படியில் அவன் மனைவி நிர்மலா இடுப்பில் குடத்தோடு ஒரு நாளைக்கு நாற்பது தரம் ஏறுகிறாள்; எதையும் பிடிப்பதில்லை, மூச்சு வாங்குவதில்லை. அப்படியானால் அவள் காலுக்கு ஒத்துக்கொண்ட உயரம் அதுதான். அந்தக் கணக்கைக் கண்டுபிடித்ததில் அவனுக்கு அவன் மேலேயே மரியாதை வந்துவிட்டது.

அவன் பிக்கப் வண்டி வாங்கி ஒரு வருஷமாகிறது. சித்தேரி மலையிலிருந்து புளியும் சாமையும் ஏற்றி வந்து பாப்பிரெட்டிப்பட்டி மண்டியில் இறக்குகிற பிழைப்பு. அந்த ஒரு வருஷத்தில் நிர்மலா அந்த வண்டியில் உட்கார்ந்து போன தூரம், தெருமுனை வரைக்கும். அவ்வளவுதான். தப்பு அவளுடையதல்ல. வண்டிக்குப் பூஜை போட்ட அன்று, எலுமிச்சம்பழம் நசுக்கி, தேங்காய் உடைத்து, ஊரே நிற்கிறது. நிர்மலா குள்ளம், வண்டியோ நெட்டை. ஒரு தரம் காலைத் தூக்கினாள், வழுக்கியது. மறுதரமும் வழுக்கியது. பூவரசனுடையது மூட்டை தூக்கிப் பழகிய கை, யோசிக்கவா செய்யும்? இடுப்பில் ஒரு கை, முழங்காலுக்கடியில் ஒரு கை கொடுத்து, 'ஹேய்' என்று ஒரே தூக்கு. தூக்கியதைக்கூட அவள் பொறுத்திருப்பாள். அந்த 'ஹேய்'தான் வினையாகிப் போயிற்று.

"மூட்ட உள்ள போயிருச்சா?" என்று கேட்டாள் கண்ணம்மாள். தெரு முழுக்கச் சிரித்தது.

நிர்மலா தெருமுனையில் வண்டியை நிறுத்தச் சொல்லி, இறங்கி, நடந்தே வீட்டுக்கு வந்தாள். "படி இல்லாத வண்டில இனிமே நான் ஏறமாட்டன்" என்றாள். சொன்னபடி ஏறவில்லை. அரூருக்குப் போனாலும் பஸ், ஆஸ்பத்திரிக்குப் போனாலும் பஸ். ஒருநாள் அவள் போன பஸ்ஸுக்குப் பின்னாலேயே பூவரசன் காலி வண்டியை ஓட்டிக்கொண்டு அரூர் வரை போனான். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சத்தியமாக அவனுக்கு அழுகை வந்தது. மலை வளைவில் மேகம் இறங்கி நிற்கும்போது "அங்க பாரு" என்று வாய் தானாக வரும்; பக்கத்து சீட்டில் தார்ப்பாயும் தண்ணிக் கேனும்தான் உட்கார்ந்திருக்கும்.

இப்போது அவசரம் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை இண்டூரில் நிர்மலாவின் அண்ணன் பச்சியப்பன் புதுமனை புகுகிறான். உடன்பிறந்தவள் என்ற முறையில் பால் காய்ச்ச வேண்டியவள் அவள்தான். "படி இருந்தா வண்டி. இல்லன்னா ஏழு மணி பஸ்ஸு" என்று சொல்லிவிட்டாள். வண்டி வைத்திருக்கிறவனின் மனைவி சீர்த்தட்டோடு பஸ்ஸில் வந்து இறங்கினால், மச்சான் வீட்டில் அவன் எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு சாப்பிடுவான்?

தர்மபுரியில் வண்டி அலங்காரச் சாமான் விற்கிற கடையில் சைடு ஸ்டெப் காட்டினார்கள். பளபளவென்று அலுமினியம், கால் வைத்தால் நீல விளக்கு எரியும். பூவரசன் மயங்கியே போனான். போட்டோ பிடித்துக்கொண்டு மலைக்குப் போனபோது, புளி கொடுக்கிற குள்ளனிடம் காட்டினான். பேர்தான் குள்ளன், ஆள் ஆறடி; படி என்பதெல்லாம் அவருக்குப் புரியாத சமாச்சாரம்.

"இத எங்க பாற மொத வாரமே வாங்கி வெச்சுக்கும் தம்பி" என்றார். கதவுக்குக் கீழே நசுங்கிக் கிடந்த தகட்டை விரலால் தட்டினார். "போன மாசம் கடிச்ச எடம், மறந்துட்டயா? உனக்கு வேணுங்கறது பாறய தாங்கற கொழாய்."

ராக் ஸ்லைடரைத்தான் சொன்னார். செல்போனில் பார்த்தால், கதவுக்கடியில் நீளமாக ஓடுகிற கனத்த இரும்புக் குழாய். பாறை வந்தால் முதலில் அதில் முட்டும், வண்டி தப்பிக்கும். ஆனால் உயரத்தில் வண்டியோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அது கால் வைக்க அல்ல, கல்லைத் தாங்க. படி போட்டால் மலை கோபித்துக்கொள்ளும், குழாய் போட்டால் நிர்மலா கோபித்துக்கொள்வாள். இரண்டு நாள் பூவரசனுக்குச் சோறு இறங்கவில்லை.

வெல்டிங் பட்டறை வெங்கடாசலம்தான் தீர்த்துவைத்தார். "ரெண்டயும் ஒண்ணாப் பண்ணிரலாம்டா. கெட்டிக் கொழாய கொஞ்சம் எறக்கிப் போடறன், மேல தகடு வெச்சுடறன். முட்டுனா பாறதான் ஒடையும். எவ்வளவு ஒசரத்துல வேணும்?"

"தரையில இருந்து பதினாலு அங்குலம். ஒரு நூல் கூடவும் கூடாது, கொறையவும் கூடாது."

வியாழக்கிழமை மத்தியானம் மலையிலிருந்து நேராகப் பட்டறைக்கு வந்தான். பின்னால் முப்பத்தைந்து மூட்டை புளி. இறக்கிவிட்டு வர நேரமில்லை. வெங்கடாசலம் பற்றவைத்தார், பூவரசன் மூன்று தரம் அளந்தான். பதினாலு, பதினாலு, பதினாலு. சாயங்காலம் மண்டியில் மூட்டைகளை இறக்கிவிட்டு, வீட்டு முன்னால் நிறுத்தி, படியை ஒரு சாக்கால் மூடினான். காலையில் அவள் கண்ணாலேயே பார்க்கட்டும் என்ற ஆசை.

காலை ஆறரை. அரக்குப் பட்டில் நிர்மலா வந்தாள். தெருவும் வந்தது. பூவரசன் சாக்கை இழுத்தான்.

"நல்லாத்தான் இருக்குது" என்றாள் நிர்மலா. ஒரு வருஷத்தில் அந்த வண்டியைப் பார்த்து அவள் சொன்ன முதல் நல்ல வார்த்தை. புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு காலை எடுத்தாள். கட்டைவிரல் தகட்டின் விளிம்பைத் தொட்டது, அதற்குமேல் போகவில்லை. இன்னொரு தரம். பட்டு விறைத்து நின்றது. யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

பூவரசன் ஓடிப்போய் டேப்பை எடுத்து வந்து அளந்தான். பத்தொன்பது. வெங்கடாசலத்துக்கு ஸ்பீக்கரில் போன் போட்டான்.

"அண்ணா, ராத்திரில படி வளந்துருச்சுண்ணா!"

"லோடு எங்கடா?"

"எறக்கிட்டன்."

"லோடோட அளந்த படி, லோடு இருந்தாத்தான்டா பதினாலு. எறக்குனா ஸ்பிரிங்கு பட்ட நிமுந்துக்காதா? வருசம் பூரா ஏத்தி எறக்கறவன், நீ சொல்லுவன்னு நான் இருந்தன்" என்றார்.

பூவரசனுக்குத் தெரியாத விஷயமா அது? நன்றாகவே தெரியும். சந்தோஷம் வந்தால் அவனுக்கு மூளை வேலை செய்யாது, அதுதான் சங்கதி.

நிர்மலா சீர்த்தட்டை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டைப் பார்த்துத் திரும்பினாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை. பூவரசன் குறுக்கே போய் நின்றான்.

"போவாத நிர்மலா. நீ பக்கத்துல உக்காருவன்னுதான் அந்த வண்டியே வாங்குனன். ஒரு வருசமா தண்ணிக் கேன்கிட்ட பேசிட்டுப் போறன்."

ஊர் பார்க்கச் சொல்கிற பேச்சா அது? சொல்லிவிட்டான். நிர்மலா தலை குனிந்து தட்டிலிருந்த வெற்றிலையைச் சரிபண்ணினாள். ஆனால் நகரவில்லை. கண்ணம்மாளுக்கு என்ன தோன்றியதோ, கோலமாவுக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். வண்டியின் பின்பக்கம் போய் முக்கி முனகி ஏறி நின்றாள்.

"லோடுதான வேணும்? வாங்கடி எல்லாரும்!"

ஒவ்வொருவராக ஏறினார்கள். பல் விளக்கிக்கொண்டிருந்தவர்கள் குச்சியோடு ஏறினார்கள். டீக்கடையிலிருந்து நாலு பேர் வந்தார்கள். வண்டி கிறீச்சிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக அமுங்கியது. நிர்மலா படியின் பக்கத்தில் நின்று, சந்தையில் மாடு பிடிக்க வந்தவள் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னும் ரெண்டு பேரு" என்றாள்.

பால்காரர் கேனோடு ஏறினார்.

"கேனு வேணாம்னா எறக்கி வெச்சரட்டுமாம்மா?"

"இருக்கட்டும்."

இருபத்திரண்டு பேர், ஒரு பால் கேன். பதினாலு வந்தது. நிர்மலா எதையும் பிடிக்காமல், தன் வீட்டுப் படியில் ஏறுகிற மாதிரி ஏறி, உள்ளே உட்கார்ந்து கதவைச் சாத்தினாள். எல்லோரும் குதித்து இறங்க, வண்டி அவளோடு மெல்ல உயர்ந்தது.

வண்டி பொம்மிடியைத் தாண்டியது. பிறகு அவள் சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். பூவரசன் வண்டியை மாட்டுவண்டி வேகத்துக்குக் குறைத்துவிட்டான். சீக்கிரம் போய்ச் சேர அவனுக்கு மனசில்லை.

"ஏங்க, எறங்கறது எப்பிடி?" என்றாள் திடீரென்று.

அதை யார் யோசித்தது? பட்டுப் புடவையில், சொந்தக்காரர்கள் முன்னால், பத்தொன்பது அங்குலத்திலிருந்து குதிக்கவா முடியும்? ஓரமாக நிறுத்தி மச்சானுக்குப் போன் போட்டான்.

"மச்சான், ஒரு இருவத்திரண்டு பேர வாசல்ல ரெடியா நிறுத்துங்க."

"சீரு அவ்வளவு இருக்குதா மாப்ள?" என்று பூரித்துப்போனான் பச்சியப்பன்.

இண்டூரில் வாழை மரம் கட்டிய புது வீட்டின் முன்னால் வெள்ளை வேட்டிகளும் பட்டுப் புடவைகளுமாக அத்தனை பேரும் வரிசையாக நின்றிருந்தார்கள். விஷயத்தைச் சொன்னதும் பச்சியப்பன் தலையில் அடித்துக்கொண்டு முதல் ஆளாகப் பின்னால் ஏறினான். மற்றவர்களும் ஏறினார்கள். உள்ளேயிருந்து ஐயர், நேரமாகிறது என்று சத்தம் போட்டார். பூவரசன் சுற்றி வந்து கதவைத் திறந்து பிடித்தான்.

"பதினாலு வந்துருச்சு. எறங்கு."

நிர்மலா இறங்கவில்லை. கண்ணாடி வழியாக வீட்டை, பந்தலை, தோரணத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"இருங்க. இங்கிருந்து பாத்தா நல்லாத்தான் இருக்குது" என்றாள். "செத்த நேரம் உக்காந்துட்டு எறங்கறன். நீங்களும் வந்து உக்காருங்க."

அவன் மறுபக்கம் ஓடிப்போய் ஏறி உட்கார்ந்தான். பின்னால் இருபத்திரண்டு பேரும், ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு, அசையாமல் நின்றிருந்தார்கள்.