ஒன்பதே காலுக்கு ஏறும் கோடு

தீனேகே, ஸ்னேக் என்னும் குளிர் நகரத்தில் ஒரு பள்ளி ஆய்வகத்தில் வேலை பார்த்தாள். வீட்டைச் சூடாக்கும் பாய்லருக்கும் சூட்டைக் கட்டுப்படுத்தும் சுவர் தெர்மோஸ்டாட்டுக்கும் நடுவே அவளே மைக்ரோகண்ட்ரோலர் என்னும் குட்டிக் கணினிப் பலகையை இணைத்திருந்தாள். தீப்பெட்டி அளவுதான். அவை இரண்டும் பேசிக்கொள்வதை ஒட்டுக்கேட்டு அவள் போனுக்கு அனுப்பிவிடும்.

நவம்பரில் ஒருநாள், இடைவேளைக் காப்பியோடு போனில் அதன் வரைபடத்தைப் பார்த்தவளுக்கு ஒன்று உறுத்தியது. பாய்லர் குழாய்களில் தண்ணீரின் அழுத்தம் இரவெல்லாம் இறங்கிக்கொண்டே போனது. காலை ஒன்பதே காலுக்குச் சட்டென்று ஏறியது. தினமும் இப்படித்தான். யாராவது தண்ணீர் திறந்துவிட்டால் ஒழிய ஏறாது. அந்த நேரத்தில் வீட்டில் இருப்பது அவள் கணவன் யெல்மர் மட்டும்தான்.

சாப்பிடும்போது கேட்டாள். “பாய்லருக்கு நீ தண்ணி விடுறியா?”

“நானா? எதுக்கு?”

“தினம் பிரஷர் ஏறுதே.”

“பத்து யூரோ பலகைய நம்புவ, பதினெட்டு வருஷமா கூட இருக்கறவன நம்ப மாட்ட. பேசாம அந்தப் பொட்டியவே கட்டியிருக்கலாம் நீ.”

அவன் சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

பாய்லரிலிருந்து மரத்தரைக்கு அடியில் ஓடும் குழாய்களைப் போன வருஷம் அவனே மாற்றியிருந்தான். வேலை போன பிறகு அவன் முழுதாகச் செய்து முடித்த ஒரே காரியம் அது. வந்தவர்களிடமெல்லாம் அவள் அதைச் சொல்லிப் பெருமைப்பட்டிருந்தாள்.

டிசம்பரில் கூடத்தில் காளான் வாடை அடித்தது. வரைபடத்தில் அழுத்தக் கோடு இப்போது ஒரு நாளைக்கு மூன்று தடவை ஏறியது. ஒரு மாலை அவள் வேலையிலிருந்து வந்தபோது, தரைக்கு அடியில் இறங்கும் வழியின் மூடிமேல் கனத்த அலமாரி நின்றது.

“அங்கதான் வெளிச்சம் படும்,” என்றான் யெல்மர்.

அந்த மூலையில் ஜன்னலே இல்லை.

சனிக்கிழமை அவன் சந்தைக்குப் போனதும் அலமாரியைக் காலி செய்து தள்ளினாள். மூடியைத் தூக்கியதும் ஆவி முகத்தில் அடித்தது. டார்ச் வெளிச்சத்தில் தரையைத் தாங்கும் உத்தரங்களெல்லாம் பஞ்சு பூத்தாற்போல் வெளுத்திருந்தன. விரலால் அழுத்தினாள். மரம் ரொட்டிபோல் அமுங்கியது. எங்கோ இருட்டில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

கதவு திறந்தது.

“யெல்மர், அங்கயே நில்லு! உள்ள வராத!”

“அத மூடு! மூடுன்னு சொல்றேன்ல!” என்று ஓடிவந்தான்.

மூன்றாவது அடியில் தரை சத்தமே இல்லாமல் உள்வாங்கியது. இடுப்புவரை புதைந்து அலறினான்.

ஆம்புலன்ஸுக்குப் போன் செய்துவிட்டு, படுத்தபடியே ஊர்ந்துபோய் அவன் கையைப் பிடித்தாள்.

“எப்பலேர்ந்து தெரியும்?”

“அக்டோபர்.” பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான். “நான் போட்ட இணைப்புதான் விட்டுப்போச்சு. நீ ஊரெல்லாம் சொல்லிவெச்சிருந்த. எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுச் சொல்றது?”

“நாம படுக்கறதும் இதே உத்தரத்து மேலதான், யெல்மர்.”

அவளுக்குக் கையை விட்டுவிட வேண்டும்போல் இருந்தது. ஆனால் ஆட்கள் வரும்வரை விடவில்லை.

முறிந்த அவன் கால் சேர இரண்டு மாதம், புதுத் தரை போட நான்கு மாதம் ஆனது. அதுவரை அவள் அக்கா வீட்டில் இருந்தார்கள். என்ன நடந்தது என்று தீனேகே அங்கே வாயைத் திறக்கவில்லை. முதல் நாள் சாப்பாட்டிலேயே யெல்மர் முள்கரண்டியைக் கீழே வைத்தான்.

“அந்தக் குழாயப் போட்டது நான்தான். ஒழுகுறது தெரிஞ்சும் மறைச்சேன்,” என்றான் அக்காவிடம்.