பச்சைக் கட்டம்

வேர்வையில் நனைந்து, உயிர் போன அப்பாவின் முதுகோடு ஒட்டிக்கிடந்த சட்டையைக் கழற்ற முடியாமல், மகள் கத்தரிக்கோலை எடுத்துக் குறுக்கே வெட்டினாள். பையில் ஏதோ தட்டுப்பட்டது. காகிதத்தில் மடித்த இரண்டு பிஸ்கட்.

"டெஸ்ட் முடிஞ்சதும் திங்கணும்னு வெச்சிருந்தார்." கால்மாட்டில் உட்கார்ந்திருந்த அம்மா சொன்னாள். "ரெண்டு நாளா வெறும் தண்ணிதான். மாத்திரையை மட்டும் ஒரு வேளைகூட விடல. சாப்பிடுங்கன்னு சொன்னா, பெரிய மனுஷங்க முன்னாடி பொண்ணு மானத்த வாங்கச் சொல்றியான்னு எரிஞ்சு விழுந்தார்."

"காலைல எழுந்தாரா?"

"எழுந்தாரே. உன் மிஷின்ல அவரே குத்திப் பாத்துக்கிட்டார். தரைத்தளத்துக்கே வந்துட்டேன்டின்னு ஒரே சிரிப்பு. அப்புறம் தலை சுத்துதுன்னு படுத்தார்."

மகள் அலமாரியில் இருந்த சர்க்கரை மிஷினை எடுத்து முந்தைய கணக்கைப் பார்த்தாள். காலை மணி ஐந்து பத்து. சர்க்கரை முப்பத்து நான்கு. அந்தப் பிஸ்கட் இரண்டையும் அப்போதே தின்றிருந்தால் மனிதர் இப்போது உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். அதை அம்மாவிடம் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

அப்பா முப்பத்தொரு வருஷம் ஓர் அலுவலகக் கட்டடத்தில் லிஃப்ட் ஓட்டியவர். விரலில் குத்தும்போதெல்லாம் "எத்தனாவது மாடி?" என்று கேட்பார். இருநூறு என்றால் முகம் தொங்கிப்போகும். நூற்றிருபது என்றால், "கதவைத் திற, நான் இறங்கிக்கறேன்" என்பார். தெருவே சிரிக்கும். மகளுக்குத் தெரு வைத்த பெயர் 'ஊசி'.

தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒற்றை அறை, ஒரு மேஜை, ஒரு மருந்து அலமாரி. அதுதான் மகள் வேலை பார்க்கும் சர்க்கரை நோய் மையம். அது வருவதற்கு முன்பு மாத்திரைக்காக இரண்டு பஸ் மாறி, அரை நாள் வரிசையில் நின்று, பாதிப் பேர் அலுத்துப்போய் விட்டுவிட்டார்கள். விட்டவர்களில் மூன்று பேருக்குக் காலையே வெட்டி எடுத்தார்கள். எங்கோ இருக்கும் ஓர் அறக்கட்டளை மையத்துக்குப் பணம் கொடுத்தது. வருஷா வருஷம் வந்து பார்த்து, பிடித்திருந்தால் நீட்டிக்கும். பிடிக்க என்ன வேண்டும் என்பதையும் தெளிவாகச் சொல்லியிருந்தது. பத்துப் பேரில் ஏழு பேர் பச்சையில் இருக்க வேண்டும். நூற்று முப்பதுக்குக் கீழே பச்சைக் கட்டம், மேலே சிவப்புக் கட்டம். ஆளுக்கொன்றாகக் கொடுத்த அட்டையில் மூன்றாவது நிறம் கிடையாது.

முதலில் அவள் நல்ல எண்ணத்தில்தான் "நாளைக்கு டெஸ்ட், வீட்டுல இருங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். அன்று ராத்திரி பாதித் தெரு பட்டினி கிடந்தது. மறுநாள் ஒரே பச்சை. அவளுக்குப் புரியாமல் இல்லை. அடுத்த மாதம் இரண்டு நாள் முன்பாகவே சொன்னாள். மாத்திரையைப் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் கிடந்தால் சர்க்கரை எழுபதுக்கும் கீழே பாதாளத்துக்குப் போகும், உயிருக்கே ஆபத்து என்று பயிற்சிப் புத்தகத்தில் ஒரு பக்கம் உண்டு. அந்தப் பக்கத்தைத் தெருவில் யாருக்கும் அவள் படித்துக் காட்டவில்லை. படித்துக் காட்டினால் எல்லாரும் சாப்பிட்டுவிடுவார்கள்.

ஒன்பது மணிக்கு மேடம் வந்தார். மையத்தை நடத்துகிறவர். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நிஜமாகவே அழுதார். அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு மகளை அடுப்படிக்குக் கூட்டிப்போனார்.

"உங்கண்ணன் எப்பம்மா வர்றாரு?"

"சாயங்காலம் ஆயிடும் மேடம்."

"அப்ப அதுக்கு முன்னாடி எடுக்க மாட்டீங்க." மேடம் குரலைத் தாழ்த்தினார். "பதினோரு மணிக்கு அறக்கட்டளைக்காரங்க வந்துடுவாங்க. விரல்ல குத்த உன்னை விட்டா ஆள் இல்ல. ஒரு மணி நேரம், அவ்வளவுதான். நான் கல்நெஞ்சக்காரின்னு நினைச்சுக்கோ, பரவால்ல."

"அப்பா எதனால போனார்னு கேட்டா?"

"வயசாச்சு, தூக்கத்துலயே போயிட்டார். வேற என்ன?" மேடம் அவள் முகத்தைப் பார்த்தார். வேறு ஏதோ இருக்கிறது என்பது அவருக்குத் தெரிந்தது. கேட்கவில்லை. "இன்னைக்குச் சிவப்பு வந்தா மூடிடுவாங்கம்மா. நாப்பத்து மூணு பேரு மறுபடி பஸ்ஸுக்கு நிக்கணும்."

மகள் பிஸ்கட்டைக் கைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். அம்மா "எங்கடி போற?" என்றாள். "இதோ வந்துடறேன்" என்றாள். அப்பாவை அப்படிப் போட்டுவிட்டுப் போகிறோமே என்று வாசலில் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். கால் மட்டும் நிற்கவில்லை.

மையத்தில் வரிசை தயாராக நின்றது. துக்க வீட்டுக்கு வந்துவிட்டு அப்படியே வந்தவர்கள். அறக்கட்டளையிலிருந்து வந்திருந்த இரண்டு பேரும் சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தார்கள். மேலே சுவரில் அப்பாவின் படம், பச்சை அட்டையைத் தூக்கிப் பிடித்துச் சிரித்துக்கொண்டு.

முதல் ஆள் தையல்காரர். அப்பாவின் சிநேகிதர். உட்கார்ந்ததும் அவள் காதருகே குனிந்தார்.

"உங்கப்பன் போன துக்கத்துலயும் நான் வாயில ஒண்ணும் வைக்கலம்மா. முந்தாநாள்லேர்ந்து. அவன் பேரக் காப்பாத்தணும்ல?"

அவர் நெற்றியில் முத்து முத்தாக வேர்த்திருந்தது. நீட்டிய விரல் நடுங்கியது.

"மாமா, எழுந்து போய்ச் சாப்பிட்டுட்டு வாங்க" என்று சொல்ல வேண்டும். அவருக்கு மட்டும் சொன்னால் போதாது. வரிசை முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொல்ல வேண்டும். அவள் வாயைத் திறந்தாள். நாற்காலியில் இருந்தவர்களில் ஒருவர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

மகள் குனிந்து விரலில் குத்தினாள். மிஷின் ஐந்திலிருந்து எண்ணி இறங்கியது.

ஐம்பத்தெட்டு.

"பச்சை!" என்றார் மேடம். நாற்காலியில் இருந்தவர்கள் லேசாகக் கை தட்டினார்கள். தையல்காரர் சுவரில் இருந்த படத்தைப் பார்த்துச் சிரித்தார்.

அவள் கைப்பையைத் திறந்து, காகிதத்தில் மடித்த பிஸ்கட்டை அவர் உள்ளங்கையில் வைத்து அழுத்தினாள். "மாமா, இதை இப்பவே தின்னுடுங்க. இங்கயே."

"அட, இவங்க முன்னாடியா? சர்க்கரைக்காரன் இனிப்பு திங்கறான்னு எழுதிட மாட்டாங்க?" அவர் கண்ணடித்தார். "வீட்டுக்குப் போய்த் தின்னுக்கறேன்."

பொட்டலத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி எழுந்தார்.

மகள் அவருடைய அட்டையில் கட்டத்துக்குப் பச்சை அடித்தாள். மூலை வரைக்கும் வெள்ளை தெரியாமல் அடித்தாள். பிறகு ஊசியை மாற்றினாள்.

"அடுத்தவங்க வாங்க," என்றாள்.