பதினெட்டாவது விண்ணப்பம்

தபால்காரர் கொடுத்துவிட்டுப் போன உறையின் ஓரத்தை அவர் கத்தரிக்கோலால் நூல் பிடித்தாற்போல வெட்டிக்கொண்டிருந்தார். உள்ளே என்ன இருக்கிறது என்று அவளுக்கு வரி வரியாகத் தெரியும். எழுதியவளே அவள்தான். கொடியிலிருந்து எடுத்து வந்த துணிகளில் ஒரே சட்டையை மூன்றாவது முறையாக மடித்தபடி கணவரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இருபத்திரண்டு வருடம் பாய்லர் ஆப்பரேட்டராக இருந்தவர் அவர். பழைய தொழிற்சாலையை இழுத்து மூடிப் பதினொரு மாதம் ஆகிறது. மூன்றாவது மாடியில் இருக்கும் இவர்கள் வீட்டு ஜன்னலைத் திறந்தால் எதிரே புதிய தொழிற்சாலையின் புகைபோக்கி தெரியும். அதைப் பார்த்த அன்றே, இனி வேலை என்றால் அங்கேதான் என்று முடிவு கட்டிவிட்டார். வேறு இடங்களின் விளம்பரங்களை அவள் வெட்டி வைத்தால், அவை அலமாரித் தட்டில் விரிப்பாகப் போயின. அந்த ஒரே கம்பெனிக்குப் பதினேழு விண்ணப்பம் போட்டாயிற்று. அங்கிருந்து மூச்சுப் பேச்சில்லை.

விண்ணப்பமும் லேசுப்பட்ட விண்ணப்பம் இல்லை. நாள் முழுக்க ஜன்னலோரம் நோட்டும் கையுமாக உட்கார்ந்து, புகையைப் பார்த்துக் குறித்து வைப்பார். 'செவ்வாய்க்கிழமை காலை பத்து இருபது முதல் பத்து நாற்பத்தைந்து வரை தங்கள் புகைபோக்கியில் கரும்புகை காணப்பட்டது. உலைக்குக் காற்று போதவில்லை. கவனிக்கவும்.' இதெல்லாம் விண்ணப்பத்தில் 'முன் அனுபவம்' என்ற தலைப்புக்குக் கீழே வரும்.

"வேலை கேக்கறீங்களா, குத்தம் சொல்றீங்களா?" என்று ஒருமுறை கேட்டாள்.

"வேலை தெரிஞ்ச ஆளுன்னு அவங்களுக்குத் தெரிய வேணாமா?"

சிரிப்பு வந்தது என்னவோ முதல் இரண்டு மாதம்தான். அப்புறம் வீடே ஒரு காத்திருப்பு அறையாகிவிட்டது. வெயில் சுட்டாலும் ஜன்னல் திரையை இழுக்கக் கூடாது. தபால் வரும் நேரத்தில் அவர் வெளியே போகமாட்டார். அவர் குளிக்கப் போனால் இவள் ஃபோனுக்குக் காவல். விடுமுறை நாளில் அக்கா வீட்டுக்குக்கூடப் போய்ப் பல மாதம் ஆகிறது. கூப்பிடாத கம்பெனிக்காக இரண்டு பேர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உள்ளேயே கிடந்தார்கள். அவளுக்கு மூச்சு முட்டியது.

போன வாரம் அவளுடைய அண்ணன் கூப்பிட்டார். அவருக்கு டைல்ஸ் கடை. கிடங்கைப் பார்த்துக்கொள்ள நம்பகமான ஆள் வேண்டுமாம். "திங்கக்கிழமைக்குள்ள சொல்லும்மா. அதுக்கு மேல இடத்தைக் காலியா வச்சிருக்க முடியாது."

கணவரிடம் சொன்னாள். அவர் பிடி கொடுக்கவில்லை.

"அங்கேருந்து பதில் வரட்டும்."

"வரலைன்னா?"

"இல்லைன்னா இல்லைன்னு சொல்லட்டுமே. ஒரு வார்த்தை சொல்லிட்டா நான் ஏன் இங்க உக்காந்திருக்கப்போறேன்?"

அந்த ஒரு வார்த்தைதானே, அதை நானே சொல்லிவிடுகிறேன் என்று தோன்றியது அப்போதுதான். அவள் ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பாளர். மறுநாள் மருத்துவர் உள்ளே யாருக்கோ கடைவாய்ப்பல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்த நேரத்தில், கணினியில் தட்டினாள். 'தங்களுக்கு எங்கள் நிறுவனத்தில் வேலை இல்லை.' போதும், இவ்வளவுதான் விஷயம். ஆனால் ஜன்னலோரம் உட்கார்ந்து அவர் அதைப் படிப்பதை நினைத்ததும் மனசு கேட்கவில்லை. அழித்தாள். 'தங்கள் நீண்ட அனுபவத்தை மதிக்கிறோம். எனினும் தற்போது இடம் காலியில்லை' என்று மாற்றினாள். இடது கையால் ஒரு கிறுக்குக் கையெழுத்துப் போட்டுத் தபாலில் சேர்த்தாள்.

இப்போது அவர் அதை ஒருமுறை படித்தார். மறுபடி படித்தார். கண் கலங்கியிருந்தது.

"ஏய், பதில் போட்டுட்டாங்க!"

"என்ன போட்டிருக்கு?" அவள் குரல் அவளுக்கே நாடகக்காரி குரல் மாதிரி கேட்டது.

அவர் சத்தமாகப் படித்துக் காட்டினார்.

"இல்லைன்னுதானே சொல்லியிருக்காங்க?"

"இப்போதைக்குத்தான் இல்லைன்னு சொல்லியிருக்காங்க. அனுபவத்தை மதிக்கிறோம்னு போட்டிருக்கு பாரு. சும்மாவா போடுவாங்க? படிச்சிருக்காங்கடி! பதினேழையும் படிச்சிருக்காங்க!"

காகிதத்தில் கம்பெனியின் பெயர் அச்சடித்திருக்கவில்லை. அதற்கும் அவரே காரணம் கண்டுபிடித்தார். பெரிய இடத்தில் காகிதத்தில் சிக்கனம் பார்ப்பார்களாம். நான்தான் எழுதினேன் என்ற வார்த்தை அவளுக்குத் தொண்டை வரை வந்தது. ஆனால் இந்த முகத்தைப் பார்த்துப் பதினொரு மாதம் ஆயிற்றே! விழுங்கிக்கொண்டாள். 'தற்போது' என்று யார் உன்னைப் போடச் சொன்னது என்று தன்னையே திட்டிக்கொண்டு, நாலாவது முறையாக அந்தச் சட்டையை மடித்தாள்.

சாயங்காலம் அவரே அவள் அண்ணனுக்கு ஃபோன் போட்டார். "மச்சான், அங்கேருந்து பதில் வந்துடுச்சு. உங்க இடத்தை வேற யாருக்காவது கொடுத்துடுங்க. பாவம், யாராவது காத்துக்கிட்டிருப்பாங்க."

ஃபோன் அவள் கைக்கு வந்தது.

"நல்ல சேதிதானேம்மா, ஏன் குரல் ஒரு மாதிரி இருக்கு?" என்றார் அண்ணன்.

"சளிண்ணா" என்றாள்.

மறுநாள் காலை அவள் கிளம்பும்போது பதினெட்டாவது விண்ணப்பம் ஒட்டித் தயாராக இருந்தது. தபாலில் போடுவது எப்போதும் அவள் வேலைதான்.

"மறக்காம இன்னிக்கே போட்டுடு. பத்து நாள் பார்ப்பேன். பதில் வரலைன்னா இந்த லெட்டரை எடுத்துக்கிட்டு நேரா ஆபீஸுக்கே போயிடறேன். இனிமே நீ யாருன்னு என்னைக் கேக்க முடியாதில்ல?"

அவள் உறையை வாங்கிக் கைப்பைக்குள் வைத்தாள். சரி என்று தலையாட்டிவிட்டுப் படியிறங்கினாள்.

தபால் பெட்டியில் உறையைப் பாதி நுழைத்தவள் வெளியே இழுத்தாள். மருத்துவமனைக்குப் போய்த் தன் மேஜையில் உட்கார்ந்து, அவர் செய்வதுபோலவே ஓரத்தைக் கத்தரித்துப் பிரித்தாள்.

'பதினேழு கடிதங்களுக்குப் பிறகு பதில் அளித்தமைக்கு நன்றி. வீட்டில் படித்துக் காட்டினேன். என் மனைவிக்குப் பேச்சே வரவில்லை. நேற்று முழுவதும் தங்கள் புகை சுத்தமாக இருந்தது. நல்ல ஆள் கிடைத்துவிட்டாரோ என்று பயந்துபோனேன்.'

இதற்கு மேல் அவளால் படிக்க முடியவில்லை. பத்து நாள். அதற்குள் அந்தக் கம்பெனி அவருக்குப் பதில் எழுதியாக வேண்டும்.

கணினியைத் திறந்து, 'தங்கள் கடிதம் கிடைத்தது' என்று தட்டினாள். அடுத்த வரி வரவில்லை. கன்னத்தில் கை வைத்துக்கொண்டு ஒருவர் எதிரே வந்து நின்றார்.

"இன்னும் எவ்வளவு நேரம்மா ஆகும்?"

"உக்காருங்க, கூப்பிடுவாங்க" என்றாள்.

அவர் போய் உட்கார்ந்தார். அவருடைய தலைக்கு மேலே இருந்த ஜன்னலில், இரண்டு கட்டடங்களுக்கு நடுவே, புகைபோக்கியின் நுனி மட்டும் தெரிந்தது. அதிலிருந்து கரும்புகை சுருள் சுருளாக எழுந்தது. காற்று போதவில்லை. அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு பேனாவை எடுத்து, நோயாளிகளின் பெயர் எழுதும் நோட்டின் ஓரத்தில், சின்னதாக, ஒன்பது நாற்பது என்று குறித்துக்கொண்டாள்.