மண்ணாங்கட்டியின் பல்செட்டு

கல்மண்டபம் பகுதியில் குடியிருக்கும் அருள்பிரகாசத்தின் வாயில் இருந்த பல்செட்டு அவருக்காகக் கட்டியது அல்ல. அவருடைய சிநேகிதர் மண்ணாங்கட்டி கொடுத்தது.

அருள்பிரகாசம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். மண்ணாங்கட்டிக்குக் கொருக்குப்பேட்டை கூட்ஸ் யார்டில் வேலை. முப்பது வருடப் பழக்கம். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே சமயத்தில்தான் பல் கொட்டியது. மண்ணாங்கட்டி டோல்கேட்டில் ஒரு டாக்டரிடம் அளவு கொடுத்துப் பல்செட்டு கட்டிக்கொண்டார். ஒரு வாரம்தான் போட்டார். கிறிஸ்துமஸ் அன்று அதைக் கழுவி, ஸ்வீட் டப்பாவில் வைத்து, ரிப்பன் கட்டி எடுத்துக்கொண்டு வந்து நின்றார்.

"இந்தா தோஸ்து, நீயே வெச்சுக்க. எனக்கு வாய்க்குள்ள யாரோ குந்திகினு கீற மாரி கீது. நீதான் கறி துன்னு ரெண்டு வர்ஷம் ஆவுது."

"அடுத்தவன் பல்ல எவனாவது போடுவானா மாமு?"

"நான் இன்னா அடுத்தவனா?"

அருள்பிரகாசம் ரிப்பனை அவிழ்த்தார். போட்டுப் பார்த்தார். கச்சிதமாக உட்கார்ந்தது. பிற்பாடு அதே டாக்டரிடம் காட்டப் போனபோது, அவர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "நான் உங்களுக்கு அளவெடுத்தது நல்லா ஞாபகம் இருக்கு" என்றார். இல்லை என்று சொல்ல அருள்பிரகாசத்துக்கு மனசு வரவில்லை.

மூன்று வருடங்களுக்கு முன் மண்ணாங்கட்டி மாரடைப்பில் போய்விட்டார். அதன்பிறகு பல்லைக் கழற்றித் தேய்க்கும்போதெல்லாம் அருள்பிரகாசம் அதனிடம் நாலு வார்த்தை பேசுவார். இன்றைக்கு ஹார்பரில் எத்தனை கப்பல் நிற்கிறது, யாருக்கு முட்டி வலி, இப்படி. மனைவி சிலுவையம்மாள் முதலில் திட்டினாள். பிறகு அவளும், "அண்ணன்கிட்ட கேளு, கொயம்புல புளி கரீட்டா கீதான்னு" என்று அடுப்படியிலிருந்து குரல் கொடுக்க ஆரம்பித்தாள்.

போன தை மாதம் ஒரு காலையில் புளியந்தோப்பிலிருந்து மண்ணாங்கட்டியின் மனைவி சொக்கம்மாள் பத்திரிகையோடு வந்தாள். மகள் மகிழினிக்குக் கல்யாணம். பத்திரிகையைக் கொடுத்துவிட்டும் எழுந்திருக்காமல் புடவை முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, ஒண்ணு கேப்பேன், தப்பா நெனச்சுக்காத. அந்தப் பல்ல ஒரு நாளைக்குக் குடு."

"இன்னாத்துக்குமா?"

"மேடையில அவரு போட்டோவ வெக்கணும். கீற போட்டோ எல்லாத்துலயும் வாய மூடிகினு கீறாரு. பொண்ணு கல்யாணத்துல அப்பன்காரன் சிரிக்க வேணாவா?"

அருள்பிரகாசம் யோசித்தார். நியாயமாகத்தான் பட்டது.

கல்யாணம் வியாசர்பாடியில் ஒரு மண்டபத்தில் நடந்தது. மேடையில் பெண்ணின் அப்பாவுக்கென்று வெல்வெட் நாற்காலி ஒன்று போட்டு, அதில் மண்ணாங்கட்டியின் படத்தைச் சாய்த்து வைத்திருந்தார்கள். படத்துக்கு முன்னால் ஒரு கண்ணாடி டம்ளர். டம்ளர் நிறைய தண்ணீர், தண்ணீருக்குள் பல்செட்டு, டம்ளரைச் சுற்றி ஒரு முழம் மல்லிகைப்பூ. பௌத்த முறைப்படி புத்தர் படத்துக்கு முன் மாலை மாற்றியதும் வீடியோக்காரர், "அப்பா கொஞ்சம் லெப்ட்ல வாங்க" என்று டம்ளரை இரண்டு அங்குலம் நகர்த்தினார்.

மாப்பிள்ளையின் அப்பா ஞானம் அதைப் பார்த்துவிட்டார்.

"இது இன்னா?"

"எங்க வூட்டுக்காரரு" என்றாள் சொக்கம்மாள்.

"பல்லு மாரி கீது?"

"சிரிச்சிகினு கீறாரு."

ஞானம் தன் தம்பியின் முகத்தைப் பார்த்தார். தம்பி மேற்கூரையைப் பார்த்தார். ஞானம் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு டம்ளரைக் கும்பிட்டார். "வணக்கம் சம்பந்தி." அவர் கும்பிட்டதும் பின்னால் நின்ற வரிசை முழுக்கக் கும்பிட்டது.

கீழே பந்தியில் அருள்பிரகாசம் மட்டன் பிரியாணிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். சோற்றைத் தயிர்ப் பச்சடியில் பிசைந்து விழுங்கினார். துண்டுகளை இலையின் ஓரத்தில் ஒதுக்கினார். மேலே தன் பல்லை ஊரே கும்பிடுவதில் அவருக்குப் பெருமைதான். ஆனால் பசித்தது. சிநேகிதன் பெண்ணின் கல்யாணத்தில் இப்படிப் பசிப்பது வெட்கமாகவும் இருந்தது.

மகிழினி மேடையிலிருந்தே இதைக் கவனித்துவிட்டாள். டம்ளரைத் தூக்கிக்கொண்டு, கழுத்தில் மாலையோடு, ஒரு கையால் பட்டுப்புடவையைப் பிடித்தபடி படியிறங்கி வந்தாள். புது மாப்பிள்ளை என்ன ஏதென்று தெரியாமல் பின்னாலேயே வந்தான்.

"பெரீப்பா, போட்டுகினு துன்னு. எங்க நைனாவும் காலீலேர்ந்து பட்டினியா கீறாரு."

அவர் திரும்பி உட்கார்ந்து பல்லை மாட்டிக்கொண்டார். முதல் துண்டைக் கடித்தபோது பந்தியே அவர் வாயைப் பார்த்தது. சொக்கம்மாள் பரிமாறுகிறவரிடமிருந்து கரண்டியை வாங்கிக்கொண்டாள்.

"நெஞ்செலும்பு போடறேன். அவருக்கு அதான் இஷ்டம்."

அருள்பிரகாசத்துக்கு நெஞ்செலும்பு பிடிக்காது. சாப்பிட்டார். அவள் இன்னொன்று வைத்தாள். அதையும் சாப்பிட்டார். வேட்டி இறுக்கியது.

ஞானம் வந்து எதிரில் உட்கார்ந்தார். அருள்பிரகாசத்தின் கண்ணைப் பார்க்காமல் வாயைப் பார்த்தே பேசினார்.

"சம்பந்தி, ஒங்க பொண்ண நாங்க நல்லா பாத்துப்போம். எதனா சொல்லணும்னா இப்பவே சொல்லிடுங்க."

அருள்பிரகாசம் மென்றதை விழுங்கினார். மகிழினியைத் தோளில் தூக்கிக்கொண்டு யார்டு வாசலில் நின்ற ஆளை அவருக்குத் தெரியும். அவன் என்ன சொல்லியிருப்பான் என்பதும் தெரியும்.

"கோவம் வந்தா பொண்ணு பேசாதுங்க. சோறும் துன்னாது. வுட்டுடாதீங்க, கூப்ட்டுக் குந்த வெச்சுப் போடுங்க. ரெண்டாவது தபா கூப்ட்டா வந்துரும்."

"சரிங்க" என்றார் ஞானம், பல்லைப் பார்த்து. மாப்பிள்ளையும் தலையாட்டினான்.

சொக்கம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, அவர் இலையில் மூன்றாவது எலும்பை வைத்தாள்.