மணல் செய்யும் வேலை

குழாயை மணலுக்குள் அழுத்தி, மேல்மூடியை இறுக்கிவிட்டு ஜெபா திரும்பிப் பார்த்தாள். அவள் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றிருந்தாள். பென்னி இன்னும் கரையிலேயே இருந்தான். பேண்ட்டை முழங்கால்வரை சுருட்டியிருந்தானே தவிர, கால் நனையவில்லை. அவனுக்கு நீச்சல் தெரியாது. தேர்வாய் கண்டிகை கம்பெனியில் வாரத்துக்குக் கிடைக்கிற ஒரே லீவு நாளில் மனைவிக்காக ஏரிக்கு வந்திருந்தான்.

"இன்னா, நானும் எறங்கணுமா?"

"எறங்கணும்பா. அடியில கை குடுக்க ஆளு வேணும்."

ஆரணி ஆறு பழவேற்காடு ஏரியில் கலக்கும் இடம் அது. வயலில் போடும் உரமும் ஊர்ச் சாக்கடையும் நைட்ரேட்டாகி இங்கேதான் வந்து சேரும். மணலுக்குள் இருக்கும் நுண்ணுயிர்கள் அதில் ஒரு பங்கை நைட்ரஜன் வாயுவாக்கிக் காற்றுக்கே திருப்பி அனுப்பிவிடும். எவ்வளவு அனுப்புகின்றன என்று அளப்பதுதான் ஜெபாவின் ஆராய்ச்சி. அடுத்தவர் நிலத்தில் யூரியா உப்புத் தூவிக் கூலி வாங்கியவள் அவள் அம்மா. அந்த உப்பெல்லாம் கடைசியில் எங்கே போகிறது என்று கேட்க அந்த வீட்டில் யாருக்கும் நேரம் இருந்ததில்லை.

சேறென்றால் குழாயில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். மணல் அப்படியில்லை, தூக்கும்போதே சரிந்துவிடும். ஏற்கெனவே இரண்டு முறை சரிந்திருந்தது. உதவிக்கு வரும் ஏஞ்சலுக்குக் காய்ச்சல். மறுநாள் சென்னையில் நைட்ரஜனை அளக்கும் கருவியை இவளுக்கென்று ஒதுக்கியிருந்தார்கள். அதைத் தவறவிட்டால் மழைக்காலம் முடிந்துதான். அதற்குள் ஆராய்ச்சிக்கான காலமே முடிந்துவிடும். இரவெல்லாம் அதை நினைத்துப் புரண்டவளிடம், "நான் வர்றேன், தூங்கு" என்று சொன்னது பென்னிதான்.

பென்னி மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு இறங்கினான். ஒவ்வோர் அடிக்கும் அவள் தோளைப் பற்றினான். பிறகு மோவாய் தண்ணீரில் படும்படி குனிந்து, குழாயை ஒட்டி மணலைத் தோண்டிக் கையை அடியில் கொடுத்தான். ஜெபா மெல்லத் தூக்கினாள். பாதி வந்தபோது அவன் முகம் சுருங்கியது. தண்ணீரில் சிவப்பாக ஏதோ பரவியது.

"ரத்தம்பா! வுட்டுடு, கைய எடு!"

"எடுத்தா இன்னா ஆவும்?"

"மண்ணு கொட்டிடும்."

"அப்ப பேசிக்கினு நிக்காத. அடி மூடியப் போடு."

முதல் முறை மூடி வழுக்கியது. இரண்டாம் முறை அவன் கைக்கும் குழாய்க்கும் நடுவில் நுழைந்து பொருந்தியது. அப்போதுதான் அவன் கையை எடுத்தான். சிப்பி ஓடு உள்ளங்கையைக் குறுக்காகக் கிழித்திருந்தது.

துப்பட்டாவைச் சுற்றிக் கட்டி அவனைப் பின்னால் உட்காரவைத்து, பைக்கை ஜெபாவே ஓட்டினாள். குழாயை நெஞ்சோடு நிமிர்த்திப் பிடித்திருந்தவன் வேகத்தடை வரும்போதெல்லாம் "மெதுவா, மெதுவா" என்றான். கிளினிக்கில் தையல் போடும்போதும் அது அவன் முழங்கால்களுக்கு நடுவில்தான் இருந்தது. "இன்னாங்க இது, மண்ணா?" என்று கேட்டாள் நர்ஸ். "உசுரு இருக்குது இதுல, தள்ளி நில்லுங்க" என்றான்.

அன்று மாலையே, கனமான நைட்ரஜன் அணுவால் அடையாளமிட்ட நைட்ரேட் கலந்த ஏரித்தண்ணீரை அந்த மணலுக்குள் செலுத்தி, வெளியே வருவதைச் சிறு குப்பிகளில் பிடித்து மூடினாள். காற்றிலும் நைட்ரஜன்தான் என்பதால் ஒரு குமிழிகூட உள்ளே போகக் கூடாது. மறுநாள் சென்னையில் குப்பிகளை ஒவ்வொன்றாகக் கருவிக்குக் கொடுத்தாள். திரையில் அந்த நைட்ரஜனைக் காட்டும் கோடு முதலில் படுத்தே கிடந்தது. பிறகு எழுந்தது. அடுத்த குப்பிக்கு இன்னும் எழுந்தது. ஜெபா ஒவ்வோர் எண்ணையும் நோட்டில் குறித்துக்கொண்டாள்.

மதியச் சாப்பாட்டு வேளையில் பென்னி போன் செய்தான். பின்னால் கேண்டீன் இரைச்சல்.

"இன்னா ஆச்சு? மண்ணு வேல செய்யுதா?"

"செய்யுதுபா."

"நம்மள மாரி ஷிஃப்டா?"

"ஷிஃப்ட் இல்ல. ராவும் பகலும்."

"ஐய, பாவம்" என்றான். "ஓவர்டைமாவது குடுக்கச் சொல்லு."

சிரித்தாள். நன்றி என்று சொல்ல வாயெடுத்தாள். இத்தனை வருடத்தில் இருவரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாத வார்த்தை. "கை நோவுதா?" என்றுதான் வந்தது. "கிளவுஸ் போட்டா தெரியல" என்று வைத்துவிட்டான்.

மாலையில் கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் இறங்கியவள் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. சூடாக மசால் வடை வாங்கிக்கொண்டு பைபாஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள். கம்பெனி பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தன. நீலச் சீருடைப் பெண்கள் கழுத்து அட்டையைக் கழற்றியபடி இறங்கினார்கள். ஒரு பஸ் போனதும் புழுதி அடங்குவதற்குள் அடுத்தது வந்து நின்றது. ஜெபா பொட்டலத்தைத் துப்பட்டாவுக்குள் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு ஜன்னலாகப் பார்த்தபடி நின்றாள்.